ஈசானிய மூலையில் ஒரு வரிசை

"டேட்டா சுத்தமா இல்ல மேடம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் அதைத் தினமும் நான்கு தரமாவது சொன்னார்கள். ஒத்துவராத விவரத்தை மெஷினே சலித்துத் தள்ளிவிடுகிற காலம் இது. "தள்ளினது என்னன்னு ஒரு தரம் பார்த்தீங்களா?" என்று கேட்டால், மேடத்துக்கு வயசாகிவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும், இதில் எதற்கு மேடம் உங்களுக்கு இவ்வளவு கோபம் என்று நேராகக் கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பொதட்டூர்பேட்டைக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவே கணக்குப் போட்டு, கணிதத்தில் பட்டம் வாங்கி, சென்னையில் ஆறு மாதம் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். அந்த ஆறு மாதத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டது மொத்தம் பத்து மணி நேரம் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் காகிதத்தில் எழுதி மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததுதான். ஆனாலும் ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பு. எண்பதுகளின் நடுவில், அதுவும் எங்கள் பக்கத்தில், கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்றால் சும்மாவா?

திருத்தணிக்கும் ஆந்திர எல்லைக்கும் நடுவே அப்போது ஒரு சின்ன தனியார் சர்க்கரை ஆலை இருந்தது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அங்கேதான் முதல் வேலை. திருத்தணியில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் போய்வந்தேன். மாதாமாதம் கிருத்திகை அன்றைக்கு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே, சந்தன வாசனையில், ஒற்றைக்காலில் நின்றபடி போவேன். கிருத்திகை என்றால் எனக்குத் தெரிந்தது அந்த நெரிசல் மட்டும்தான்.

எங்கள் பிரிவின் மேலாளர் ஜெகதீசன் சார், அரக்கோணத்திலிருந்து வருகிறவர். ரயிலில் வந்து நான் ஏறுகிற அதே பஸ்ஸில் ஏறுவார். பஸ்ஸில் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். அறைக்குள் நுழைந்த பிறகுதான் குட்மார்னிங். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று இருக்கும். அச்சான தாளை மேஜையில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே இரும்பு ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். தப்பு கண்ணில் பட்டால் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு, தாளை நம் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாம் கண்டுபிடிக்கும் வரைக்கும் ஜன்னல்தான். ஒருமுறை நாற்பது நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன், அப்போதும் திரும்பவில்லை.

புரோகிராமில் ஒரு எழுத்தை மாற்றவும் மூன்று பிரதியில் படிவம் வேண்டும். அதில் ஒன்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வரவேண்டும். அவருடைய சட்டங்களில் இன்னொன்று: மையில் எழுதியது ஆவணம், பென்சிலில் எழுதியது கிறுக்கல். கம்ப்யூட்டருக்குள் மை மட்டும்தான் போகும்.

கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதை விவசாயி நினைத்த நாளில் வெட்ட முடியாது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவேண்டும். முற்றுவதற்கு முன் வெட்டினால் சாற்றில் சர்க்கரை இருக்காது; ஆலைக்கு நஷ்டம். முற்றியும் வெட்டாமல் விட்டால் பூ எடுத்து, உள்ளே பஞ்சு போல நெட்டி விழுந்து காய்ந்துபோகும். அது விவசாயிக்கு நஷ்டம். யாருக்கு எந்த வாரம் ஆர்டர் என்ற பட்டியலை ரங்கய்யா என்ற கரும்புப் பிரிவு குமாஸ்தா இருபது வருஷத்துக்கு மேலாகக் கையால் எழுதிவந்தார். வேண்டியவனுக்கு முன்னால் போடுகிறார், வேண்டாதவனைக் காயப்போடுகிறார், ஒரு பூசணிக்காய் கொடுத்தால் போதும் என்று ஊர் ஊராகப் புகார். கம்ப்யூட்டருக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை என்று சொல்லித்தான் நிர்வாகம் அதை வாங்கியது. வந்த வாரமே ரங்கய்யாவின் நாற்காலி வராந்தாவுக்குப் போய்விட்டது.

அவரிடமிருந்து நடவுப் பதிவேட்டை வாங்க நான்தான் போனேன். படிவத்தில் 'பயன்படுத்துவோரைச் சந்தித்த நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. அரை மணி நேரம் பேசிவிட்டு அதை நிரப்பிக்கொண்டேன். பதிவேட்டை நீட்டும்போது அவர் ஒன்று கேட்டார்.

"இதுல கீறது எல்லாத்தையும் ஏத்துவீங்களாம்மா?"

"மையில இருக்கறத மட்டும்."

"ஆங், அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார். சரி என்றாரே, முடிந்தது என்று நான் வந்துவிட்டேன்.

விவரம் ஏற்றும் வேலைக்கு மல்லிகா இருந்தாள். ஆலைக்கு இரண்டு மைல் தள்ளி ஊர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள்; வீட்டில் தெலுங்கு. விரல்கள் கட்டைமேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவளுடைய நைனா முனிரத்தினம் கூலி வேலைக்குப் போகிறவர். அந்த வருஷம்தான் முதல் முறையாக ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்திருந்தார். பெண்டாட்டி, பிள்ளைகள், மச்சினர் எல்லோரும் இறங்கி ஒரே நாளில் மொத்த நிலத்திலும் கரணை, அதாவது விதைக்கான கரும்புத் துண்டு, நட்டதை மல்லிகா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பதிவேட்டில் அவர் பெயர் ஏறிய அன்று எனக்கு லட்டு கொடுத்தாள். "எங்க நைனாவுக்குன்னு ஒரு நம்பரு வந்துடுச்சிக்கா" என்றாள்.

அவள் ஏற்றி முடித்ததை அச்செடுத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. நட்ட தேதி என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே தேதி. அந்த வருஷத்துத் தைக் கிருத்திகை. விவரம் ஏற்றும் மெஷினில், முந்தின வரியில் இருந்ததை அப்படியே கீழே இறக்குவதற்கு ஒரு கட்டை உண்டு. டூப் கீ என்போம். இந்தப் பெண் சோம்பேறித்தனமாக அதையே அமுக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

"நான் அமுத்தலக்கா. புக்குலியே அப்டித்தான் போட்டுக்கிது."

"ஒரே நாள்ல இத்தினி பேரு நடுவாங்களா? அத்தினி கரணைக்கு எங்க போவாங்க? ஆளுக்கு எங்க போவாங்க?"

"இல்லக்கா, அன்னிக்கு வந்து..."

"எனக்கே கதை சொல்லாத. முதல்லேருந்து ஏத்து."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வயதில் அது நெற்றி வரைக்கும் வரும். மல்லிகா பத்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள். அதே தேதிதான் வந்தது. நடுவில் ஒருமுறை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, தேதிக்குப் பக்கத்தில் ரங்கய்யா பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்திருப்பதைக் காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டாள். சில பெயர்களுக்கு நான்கு புள்ளி, சிலதுக்கு எட்டு. மை மட்டும் என்றேன், ஜெகதீசன் சார் குரலிலேயே.

தேதி ஒன்றாக இருந்தால் யாரை முன்னால் போடுவது? புரோகிராமில் அதற்கு ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. பதிவு எண் சிறியதாக இருப்பவர் முன்னால் என்று எழுதினேன். வரிசை என்றால் முதலில் வந்தவர் முதலில், இதைவிட நியாயம் உண்டா? அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கார்த்திகையில் அரவை தொடங்கியது. முதல் வாரங்களில் வெட்டியதெல்லாம் கட்டைக் கரும்பு, அதாவது போன வருஷம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. அதன் தேதி ஆலையின் வெட்டுக் கணக்கிலிருந்தே வருவதால் எள்ளளவும் பிசகவில்லை. பட்டியலைப் பார்த்து நிர்வாகம் மெச்சியது. விவசாயிகள் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜெகதீசன் சாரின் ஸ்கேல் பட்டியலின் அடி வரைக்கும் போய், ஒரு சிவப்புக் கோடும் போடாமல் நின்றது.

தை பிறந்ததும் புது நடவின் முறை வந்தது. முதல் பட்டியல் வெளியான நான்காம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு: சாற்றில் சர்க்கரை குறைகிறது. அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் ஆய்வுக்கூட அதிகாரியே வந்து, பச்சைக் கரும்புத் துண்டு ஒன்றை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆய்வுக்கூடத்துக் கருவியைச் சோதிக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன்.

பச்சைக் கரும்பு எடை அதிகம் நிற்கும். ஆலை எடைக்குத்தான் விலை கொடுக்கும். ஆகவே ஆர்டர் கிடைத்த விவசாயிகள் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் மல்லிகா சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எங்க நைனா கரும்பு பூ எடுத்துகினு நிக்குது. கெணத்துல தண்ணி பூட்சி. இன்னும் ஒரு மாசம் போனா காஞ்சி சக்கையா பூடும். நேத்து ஆர்டர் போனவங்க கயினிய பார்த்துட்டுத்தான் வரேன், இன்னும் பச்சையா கீதுக்கா. தேதியில இன்னாவோ தப்பு கீது."

முனிரத்தினத்துக்கும் தைக் கிருத்திகைதான் தேதி. புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் எண் கடைசி. அந்தத் தேதிக்காரர்கள் அத்தனை பேரும் முடிந்தபிறகுதான் அவர் முறை. ஏழெட்டு வாரம் ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணம் உறைக்கவும் செய்தது. ஆனால் மேஜையில் அந்தக் கரும்புத் துண்டு இன்னும் கிடந்தது. பயமும் ரோஷமும் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"எல்லாருக்கும் அவங்கவங்க கரும்புதான் முத்தினதா தெரியும். இந்த ரூம்ல உக்காந்துகினு நீ உங்க அப்பாவுக்காக கேக்கறே. வெளிய தெரிஞ்சா உன் வேலை மட்டுமில்ல, என் வேலையும் போயிடும். போய் உன் வேலையைப் பாரு."

"ஆங், சரிக்கா" என்று போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமும் சர்க்கரை குறைந்தது. ஜெகதீசன் சார் என்னைக் கூப்பிட்டார். எதிரே ஆய்வுக்கூடச் சீட்டுகள் அடுக்கியிருந்தன. "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்றார். "சட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜீப் இருக்கிறது. ரங்கய்யாவும் வருவார்." இதைச் சொல்லும்போதும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

பட்டியலில் முதல் பெயர்க்காரரின் கழனிக்குப் போனோம். வருஷக்கணக்காகக் கரும்பு வைக்கிறவர். பதிவு எண் ஒற்றை இலக்கம். முனிரத்தினத்துக்கு ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டவரும் அவரே. பாதி வெட்டியாகிவிட்டது, மீதி நின்றது. சாற்றில் சர்க்கரை பார்க்கும் பிரிக்ஸ் மீட்டரை ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். முற்றவில்லை. வேறு கரும்பு, வேறு மூலை என்று மாற்றிப் பார்த்தேன். எங்கேயும் முற்றவில்லை.

"இது தைக் கிருத்திகைக்கு நட்டதா?" என்றேன்.

"இன்னா கம்ப்யூட்டரம்மா, பொய்யா சொல்றேன்? மலைமேல கீறவன் சாட்சியா அன்னிக்குத்தான் நட்டது. வா, காட்றேன்."

வடகிழக்கு மூலைக்கு, அவர் சொல்லில் ஈசானிய மூலைக்கு, கூட்டிப்போனார். அங்கே வரப்பை ஒட்டி ஒரே ஒரு வரிசை. மற்றதைவிட உயரமாக, தடித்து, தோகை மஞ்சளாகி நின்றது. பழைய மஞ்சள் துணி ஒன்று அடியில் கட்டியிருந்தது. சாற்றைப் பார்த்தேன், நன்றாக முற்றியிருந்தது.

"இது பூஜ போட்டு நட்டது. மீதி, கடலை எடுத்தப்புறம் நட்டது. பங்குனி ஆயிடுச்சி. அதுக்கின்னா? பயிரு பொறந்தது அன்னிக்குத்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிலத்தில் வேறு பயிர் இருக்கும், கிணற்று முறை வந்திருக்காது, ஆள் கிடைக்காது. ஆனாலும் கிருத்திகையை விடக்கூடாது என்று ஈசானிய மூலையில் ஒரு வரிசையை மட்டும் நட்டுவிடுவார்கள். மீதியை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து நடுவார்கள். ஆலையில் கேட்டால் கிருத்திகைத் தேதியைச் சொல்வார்கள். அவர்கள் மனசாட்சிப்படி அது பொய்யே இல்லை.

ஜீப்புக்குத் திரும்பும்போது ரங்கய்யா சொன்னார்: "புள்ளி ஒண்ணுக்கு ஒரு வாரம்மா. கழனிக்குப் போயி பார்த்துட்டு நான் வெக்கறது. இவனுக்கு எட்டு புள்ளி."

"இத ஏன் என்னாண்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"எல்லாத்தையும் ஏத்துவீங்களான்னு கேட்டனே. மை மட்டும்னு சொன்னது நீதானே? சாமிக்கு நட்ட தேதிய தப்புன்னு மையில எப்டிம்மா எழுதுவேன்? அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

அங்கிருந்து முனிரத்தினத்தின் நிலத்துக்குப் போனோம். தூரத்திலிருந்தே தெரிந்தது, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூ. ஒரு கரும்பை ஒடித்தேன். நடுவில் நெட்டி விழத் தொடங்கியிருந்தது. ஆனால் இன்னும் சாறு இருந்தது. இந்த வாரம், போனால் அடுத்த வாரம் வெட்டினால் காப்பாற்றிவிடலாம் என்று ரங்கய்யா சொன்னார். பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். முனிரத்தினத்தின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளியும் இல்லை. ஒரே நாளில் மொத்தமும் நட்டவர் அந்தத் தேதிக்காரர்களில் அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்து ஜெகதீசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புரோகிராமை மாற்றவேண்டுமானால் சென்னையிலிருந்து கையெழுத்து வரப் பதினைந்து நாள் ஆகும். அவர் ஸ்கேலை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டு, "தேதியைப் பயனாளரே, அதாவது ரங்கய்யாவே, மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டால் அது புதிய ஆவணம். புரோகிராமைத் தொடவேண்டியதில்லை" என்றார். அந்த மனிதரின் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு சந்து இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

ரங்கய்யா லேசில் சம்மதிக்கவில்லை. "என் நாக்காலிய உள்ள போடுங்க, அப்புறம் மையத் தொடறேன்" என்றார். ஜெகதீசன் சார் நாற்காலியை இடம் மாற்றுவதற்கும் மூன்று பிரதியில் படிவம் நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மூவரும் உட்கார்ந்தோம். ரங்கய்யா எண்ணைச் சொல்லி, புள்ளிகளை எண்ணி, உண்மையான தேதியை மையில் எழுதிக் கையெழுத்திடுவார். மல்லிகா ஏற்றுவாள். நான் சரிபார்ப்பேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசிப் பக்கத்தில் "முனிரத்தினம், புள்ளி இல்ல, இருக்கற தேதியே" என்று அவர் படித்தார். அவள் விரல் ஒரு கணமும் தயங்காமல் அடுத்த பெயருக்குக் காத்திருந்தது.

திங்கட்கிழமை புதிய பட்டியலை ஒட்டினோம். முதல் பெயர் முனிரத்தினம். அவர் பதிவை யாரும் தொடவில்லை. மற்றவர்கள் இறங்கியதால் அவர் தானாக மேலே வந்திருந்தார். ஆனால் பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? போன வாரம் கடைசியில் இருந்தவன் இந்த வாரம் முதலில். அவன் மகள் கம்ப்யூட்டர் அறையில்.

பலகை எங்கள் அறைக் கதவிலிருந்து பதினைந்து அடி. ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டது.

"ரங்கய்யா இருந்தப்பவாவது பூசணிக்காதான் கேட்டாரு. இப்ப பொண்ணையே உள்ள வெச்சிக்கினு வேலைய முடிச்சிகிறாங்கப்பா!"

ஒற்றை இலக்க எண்காரர், மீதிக் கரும்போடு பட்டியலில் கீழே இறங்கியிருந்த அந்த நிலக்காரர், முனிரத்தினத்தின் தோளில் கையைப் போட்டார். "இன்னாடா, பொண்ண படிக்க வெச்சது வீண் போவல, இல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே போய், தப்பு என்னுடையது, இந்தப் பெண் பத்து நாள் முன்னாலேயே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லவேண்டும். மூன்று வாக்கியம். எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். "வெளியே யாரும் எதுவும் பேசவேண்டாம்" என்றார் ஜெகதீசன் சார், தாளிலிருந்து தலை தூக்காமல். "திருத்திய பட்டியல், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தப்புச் செய்தது என்று ஒரு தடவை வெளியே போனால், நாளைக்கு நாம் மூன்று பேருமே இங்கே இல்லை." மல்லிகா கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். தாழ்ப்பாள் வெயிலில் சுட்டது. கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு தாளை நீட்டினாள். மையில் எழுதி, கீழே முனிரத்தினத்தின் கையெழுத்து. தன் கரும்பு வெட்டுக்குத் தயாராக இல்லை, எல்லோருக்கும் கடைசியில் தன் முறையை வைக்கவேண்டும் என்று மனு.

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "காஞ்சிடும்னு நீதானே சொன்னே? இப்பதான் சரியாச்சி. உங்க நைனாவ கூப்பிடு, நான் பேசறேன்."

"பேசத்தான் போறீங்கன்னு நேத்து நெனச்சேன்க்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "வருஷம் பூரா நைனா கூலிக்குப் போறது அந்த நெலக்காரங்க கழனிக்குத்தான். அம்மாவும் அங்கதான் களை எடுக்கறாங்க. நேத்து சாயங்காலமே சொல்லி அனுப்ச்சிட்டாங்க, நாளைலேருந்து வேலைக்கு வர வேணாம்னு. கரும்பு ஒரு வருஷம் போவும். கூலி போனா எப்டிக்கா? அன்னிக்கு நான் நெலவரம்தான் சொன்னேன், அப்பாவுக்காக கேக்கறேன்னீங்க. இன்னிக்கு நெஜமாவே அப்பாவுக்காகத்தான் கேக்கறேன்."

ஜெகதீசன் சார் மனுவை ஸ்கேல் வைத்துப் படித்தார். மையில் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். முதல் முறையாக அவர் என் முகத்தைப் பார்த்ததும், நான் ஜன்னலைப் பார்த்ததும் அப்போதுதான். அந்தப் பதிவை மல்லிகாவிடம் கொடுக்க மனம் வரவில்லை. நானே ஏற்றினேன். பட்டியல் மறுபடி அச்சாகி, அவர் பெயர் அடிக்குப் போனது. இரண்டு நாளில் அவரைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போயிருக்கட்டுமே. கோபோல் தெரிந்தவளுக்குச் சென்னையில் அந்த மாதமே வேறு வேலை கிடைத்திருக்கும். எப்படியும் அடுத்த வருஷம் நான் அங்கேதான் போனேன். ஊர் முன்னால் தப்புச் செய்தவளாக நிற்க வெட்கப்பட்டேன், அவ்வளவுதான் உண்மை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அந்தக் குடும்பத்தின்மேல் போனதைக் கதவுக்கு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரவை முடிகிற வாரம், பங்குனி வெயிலில் முனிரத்தினத்தின் கரும்பு வந்தது. ஒன்றரை ஏக்கர் கரும்புக்கு டிராக்டர் நாலைந்து நடை அடிக்கவேண்டும். ஒரே நடையில், அதுவும் டிரெய்லர் நிறையாமல் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேலே சுற்றிய கயிறு தொளதொளவென்று தொங்கியது. எடைமேடைச் சீட்டுகள் கட்டாக எங்கள் அறைக்கு வரும். அன்றைய கட்டில் அவருடைய சீட்டும் இருந்தது. அதை மட்டும் எடுத்து என் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். மல்லிகா கையை நீட்டினாள். கொடுத்தேன். எண், பெயர், எடை என்று மற்றதைப் போலவே அடித்து முடித்தாள்.

"அடுத்தது குடுங்கக்கா" என்றாள்.